பாசியின் பசி

கிளாமிடோமோனாஸ் என்னும் ஒற்றைச் செல் பச்சைப்பாசியைச் சத்துள்ள நீரில் நன்றாக வளர்த்தெடுங்கள். பிறகு அதைக் கழுவி, கந்தகம் மட்டும் இல்லாத நீரில் இட்டு, குடுவையைக் காற்றுப் புகாமல் மூடி வெளிச்சத்தில் வையுங்கள். முதலில் வழக்கம்போல ஆக்ஸிஜன் வரும். மணிகள் செல்லச் செல்ல அது குறையும். சுமார் ஒரு நாளில் குடுவைக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும். அதற்குப் பின் மறுபடியும் குமிழிகள் எழும். இப்போது வருவது ஹைட்ரஜன். ஏறக்குறைய மூன்று நாள் அது வந்துகொண்டே இருக்கும்.

பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அனஸ்தாசியோஸ் மெலிஸ், கொலராடோவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தாருடன் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார். நீரும் வெயிலும் பாசியும் இருந்தால் எரிபொருள் கிடைக்கும் என்ற நம்பிக்கை அன்றைக்குப் பலருக்கும் பிறந்தது. அந்த நம்பிக்கை என்ன ஆனது என்பதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு சத்து இல்லாமல் போனதும் பாசி எதற்காக ஹைட்ரஜனை வெளியே விட வேண்டும்? இதற்கு விடை தேடிப் போனால், கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் பஞ்சத்தை எவ்வளவு ஒழுங்கோடு எதிர்கொள்கிறது என்பது தெரியவருகிறது. என்னளவில், எரிபொருளைவிடப் பெரிய கண்டுபிடிப்பு அதுதான்.

தாவரவியல் படித்தவர்கள் கிளாமிடோமோனாஸைப் படம் வரைந்து பாகம் குறித்திருப்பார்கள்: முன்புறம் இரண்டு கசையிழைகள், கிண்ண வடிவில் ஒரே ஒரு பசுங்கணிகம், அதன் ஓரத்தில் ஒளியை உணரும் கண்புள்ளி. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். உலகின் ஆய்வகங்கள் பயன்படுத்தும் முக்கிய வகைகள் பலவும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹெர்ஸ்ட் அருகே ஓர் உருளைக்கிழங்கு வயலின் மண்ணிலிருந்து கில்பர்ட் ஸ்மித் 1945-இல் பிரித்தெடுத்த பாசியின் வழிவந்தவை. 2007-இல் இதன் மரபணுத் தொகுதி வெளியானபோது, இந்தச் சின்னஞ்சிறு செல்லில் சுமார் 15,000 மரபணுக்கள் இருப்பது தெரிந்தது. மனிதனுக்கு இருப்பவையே சுமார் 20,000தான்.

இவ்வளவு மரபணுக்கள் எதற்கு? மண்ணில் வாழ்வது எளிதல்ல என்பது ஒரு காரணம். மழை பெய்தால் சத்து கரைந்து ஓடிவிடும். வெயில் அடித்தால் நீர் வற்றும். பகலில் ஒளிச்சேர்க்கையால் சுற்றிலும் ஆக்ஸிஜன் நிறையும். இரவில் பாசியும் பாக்டீரியாக்களும் மூச்சுவிட்டே அதைத் தீர்த்துவிடும். இரவு தவறாமல் ஏரேட்டர் ஓட்டும் இறால் பண்ணைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாசியால் கரும்பச்சையாகக் கிடக்கும் குளத்தில், பொழுது விடியும் நேரத்தில்தான் ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிப்பதும் அந்த நேரத்தில்தான். நீந்தித் தப்ப முடியாத ஈரமண்ணில் இருக்கும் பாசிக்கு, ஆக்ஸிஜன் இல்லாத நேரம் என்பது அன்றாட வாழ்வின் ஒரு பகுதி.

கந்தகத்துக்கு வருவோம். சிஸ்டீன், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களில் கந்தகம் இருக்கிறது. அவை இல்லாமல் புதுப் புரதம் எதையும் கட்ட முடியாது. கந்தகம் குறைந்ததும் செல் முதலில் செய்வது தேடல். சல்பேட்டை உள்ளே இழுக்கும் புரதங்களைக் கூடுதலாகச் செய்துகொள்கிறது. அரைல்சல்பட்டேஸ் என்னும் நொதியைச் செல்லுக்கு வெளியே அனுப்புகிறது. மண்ணில் மட்கும் பொருள்களில் ஒட்டியிருக்கும் சல்பேட்டை அந்த நொதி வெட்டி எடுத்துக் கொடுக்கும்.

அடுத்தது சிக்கனம். செல்சுவருக்காகப் புதிதாகச் செய்யும் புரதங்களில் கந்தக அமினோ அமிலங்கள் அநேகமாக இல்லாதபடி பார்த்துக்கொள்கிறது. வெளியே போகும் புரதம் திரும்பி வராது. அதில் கந்தகத்தைச் செலவழிப்பது வீண். இந்தக் கணக்கைச் செல் யோசித்துப் போட்டதல்ல, கோடிக்கணக்கான ஆண்டுகளின் இயற்கைத் தேர்வு போட்டுவைத்தது. பசுங்கணிகச் சவ்வில் உள்ள கந்தகக் கொழுப்பும் உடைக்கப்படுகிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் ரூபிஸ்கோ என்ற புரதம் செல்லில் ஏராளமாக இருக்கும். அதுவும் வேகமாகக் கரைந்து, அதன் அமினோ அமிலங்கள் வேறு வேலைக்குப் போகின்றன.

இங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. ரூபிஸ்கோ குறைந்தால் சர்க்கரை செய்யும் வேலை நிற்கும். ஆனால் வெயில் நிற்காது. பச்சையம் ஒளியை வாங்கிக்கொண்டே இருக்கும். நீரைப் பிளந்து எலக்ட்ரான்களை எடுத்துக்கொண்டே இருக்கும். அவை போய்ச் சேர இடமில்லாவிட்டால், செல்லையே சிதைக்கும் ஆக்ஸிஜன் நஞ்சுகள் உருவாகும். ஒளியை உண்டு வாழும் உயிருக்குப் பஞ்ச காலத்தில் முதல் எதிரி அந்த ஒளிதான்.

இதைக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் கார்னகி நிறுவனத்தில் ஆர்தர் கிராஸ்மனின் குழு, சாக்1 என்ற மரபணு பழுதான பாசிகளைக் கண்டெடுத்தது. கந்தகம் குறைந்திருக்கிறது என்ற செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் புரதம் அந்த மரபணுவிலிருந்து வருகிறது. அது பழுதானால் செல்லுக்குப் பஞ்சம் தெரியாது. ஒளிச்சேர்க்கையைக் குறைக்கத் தோன்றாது. இந்தப் பாசிகளைக் கந்தகம் இல்லாத நீரில் வெளிச்சத்தில் வைத்தால், மற்றப் பாசிகளைவிட வெகு சீக்கிரம் செத்துவிடுகின்றன. அதே பாசிகளை இருட்டில் வைத்தால் பிழைக்கின்றன. அதைவிட வியப்பு, வெளிச்சத்திலேயே வைத்து டையூரானை ஊற்றினாலும் பிழைக்கின்றன. டையூரான் ஒளிச்சேர்க்கையை மறித்துச் செடிகளைக் கொல்லும் களைக்கொல்லி! களையைக் கொல்லும் அதே மருந்து இந்தப் பாசிக்கு உயிர் கொடுக்கிறது. சாகடிப்பது கந்தகப் பசி என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில், பசி வந்த பிறகும் நிறுத்தாமல் ஓடிய ஒளிச்சேர்க்கைதான் சாகடித்தது.

ஆகவே நலமான பாசி, பசி வந்ததும் நீரைப் பிளக்கும் பொறியைத் தானே அடக்குகிறது. அதற்கு வசதியான ஓர் ஏற்பாடும் இருக்கிறது. அந்தப் பொறியின் நடுவில் டி1 என்ற புரதம் உண்டு. கடும் வெளிச்சத்தில் அது சுமார் அரை மணி நேரத்துக்கு ஒரு முறை அடிபட்டுப் போகும். உடனுக்குடன் புதிது செய்து பொருத்த வேண்டும். கந்தகம் இல்லாதபோது பழுதுபார்ப்பு தடைப்படுகிறது. பழுதான பொறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, ஆக்ஸிஜன் உற்பத்தி படிப்படியாகக் குறைகிறது. சுவாசம் மட்டும் ஏறத்தாழ முன்போலவே நடக்கிறது. உண்டாகும் ஆக்ஸிஜனைவிடச் சுவாசம் தின்னும் ஆக்ஸிஜன் அதிகமானால், மூடிய குடுவையில் அது தீர்ந்தே ஆக வேண்டும். நல்ல வெளிச்சத்தில் இருக்கும் ஒரு பச்சைப்பாசி, இப்படித் தன்னைச் சுற்றி ஆக்ஸிஜன் இல்லாத சூழலைத் தானே உண்டாக்கிவிடுகிறது. சத்துப் பஞ்சமும் ஆக்ஸிஜன் பஞ்சமும் ஒன்றை ஒன்று தொடர்வது இந்த வழியில்தான்.

ஆக்ஸிஜன் போன பிறகு விழிக்கும் நொதியின் பெயர் ஹைட்ரஜனேஸ். இரும்பும் கந்தகமும் சேர்ந்த மையம் கொண்டது. எலக்ட்ரான்களைப் புரோட்டான்களோடு இணைத்து ஹைட்ரஜன் வாயுவாக்கி அனுப்பிவிடும். சிறிதளவு ஆக்ஸிஜன் பட்டாலே கெட்டுப்போகும் என்பதால், ஆக்ஸிஜன் இருக்கும்வரை இதற்கு வேலை இல்லை. பாசிகளிடம் இந்தத் திறன் இருப்பதை முதலில் கவனித்தவர் ஹன்ஸ் கஃப்ரான். பெர்லினில் ஓட்டோ வார்பர்கிடம் பணியாற்றி, பிறகு அமெரிக்கா சென்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். செனெடெஸ்மஸ் என்ற பச்சைப்பாசியைச் சில மணி நேரம் ஆக்ஸிஜன் இல்லாமல் வைத்தால் அது ஹைட்ரஜனைப் பயன்படுத்தவும் வெளியிடவும் செய்கிறது என்பதை அவர் கண்டார். ஜாக் ரூபினுடன் சேர்ந்து 1942-இல் விரிவாக எழுதினார். அறுபது ஆண்டுக்காலம் இது பெரும்பாலும் ஆய்வக விந்தையாகவே இருந்தது. காரணம், வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கை தொடங்கியதும் ஆக்ஸிஜன் வந்து நொதியைக் கெடுத்துவிடும். ஹைட்ரஜன் சில நிமிடங்களில் நின்றுவிடும். மெலிஸ் குழு கந்தகத்தை நிறுத்தியதன் பொருள் இப்போது விளங்கும். ஆக்ஸிஜன் உற்பத்தியைக் கொல்லாமல் அடக்கி வைக்க அவர்கள் பாசியின் சொந்தப் பஞ்ச நடவடிக்கையையே பயன்படுத்திக்கொண்டார்கள். கந்தகத்தைத் திரும்பக் கொடுத்தால் பாசி தேறி எழுந்து பழையபடி ஆக்ஸிஜன் விடுகிறது.

குடுவை மனிதன் செய்த ஏற்பாடு. வயல் மண்ணில் இந்த நொதிக்கு என்ன வேலை? விடியற்காலையை நினைத்துப் பாருங்கள். இரவெல்லாம் ஆக்ஸிஜன் இல்லாமல் கிடந்த செல்மீது முதல் வெளிச்சம் விழுகிறது. ஒளியை வாங்கும் பகுதி உடனே இயங்கத் தொடங்கும். சர்க்கரை செய்யும் பகுதி இன்னும் தூக்கம் கலையாமல் இருக்கும். அதை முடுக்க நேரம் தேவை. அந்த இடைவெளியில் எலக்ட்ரான்கள் போய்ச் சேர ஹைட்ரஜனேஸ் வழி திறக்கிறது. அந்த நொதி இல்லாத பாசிகளில், ஆக்ஸிஜனற்ற இருளுக்குப் பிறகு ஒளிச்சேர்க்கை மீண்டும் தொடங்கத் தாமதமாகிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. செல்லுக்கு ஹைட்ரஜன் ஒரு விளைபொருள் அல்ல. அன்றைய நாளைத் தொடங்குவதற்காகக் கொஞ்ச நேரம் வெளியே விடும் மிச்சம். எரிபொருள் தேடுபவர்கள் கேட்பதோ அந்தக் கொஞ்ச நேரத்தை நாள்கணக்காக நீட்டச் சொல்லி.

இருட்டிலும் ஆக்ஸிஜன் இல்லாதபோது பாசி சும்மா இருப்பதில்லை. பகலில் சேர்த்த மாவுச்சத்தை நொதித்து ஆற்றல் எடுக்கிறது. ஃபார்மேட், அசிட்டேட், எத்தனால் ஆகியவை கழிவாக வெளியேறும். ஈஸ்ட்டைப் போல எத்தனால் வழியை மட்டும் நம்பியிராமல் பல வழிகளை வைத்திருப்பது இதன் தனிச்சிறப்பு. ஆய்வாளர்கள் இவற்றில் ஒவ்வொரு வழியாக மரபணு மாற்றத்தால் அடைத்துப் பார்த்தார்கள். ஹைட்ரஜனேஸை இயங்காமல் செய்தபோது சக்சினேட் வந்தது. ஃபார்மேட் வழியை அடைத்தபோது லாக்டேட் வந்தது. எப்படியாவது எலக்ட்ரான்களை வெளியேற்றி, அடுத்த பகல்வரை கொஞ்சம் ஆற்றலை ஈட்டிக்கொள்வதுதான் அதற்கு முக்கியம்.

மற்றச் சத்துப் பஞ்சங்களில் செம்பின் கதை சிறியது, ஆனால் அழகானது. ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரானைச் சுமந்துபோகும் பிளாஸ்டோசயனின் என்ற புரதத்துக்குச் செம்பு வேண்டும். செம்பு கிடைக்காதபோது செல் அந்தப் புரதத்தை உடைத்துச் செம்பை மீட்கிறது. மீட்ட செம்பைச் சுவாசத்துக்கு இன்றியமையாத நொதிக்குக் கொடுக்கிறது. பிளாஸ்டோசயனின் வேலையைச் செய்ய, இரும்பைக் கொண்டு இயங்கும் சைட்டோகுரோம் சி6 என்ற வேறொரு புரதத்தைச் செய்து வைத்துக்கொள்கிறது. சபீஹா மெர்ச்சன்ட் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்த பொருள் இது. செம்புப் பஞ்சத்தில் இந்த மாற்றத்தை நடத்தும் சிஆர்ஆர்1 என்ற கட்டுப்பாட்டுப் புரதமே ஆக்ஸிஜன் குறையும்போதும் அதே மரபணுக்களில் பலவற்றை இயக்குகிறது என்று அவரது குழு கண்டது. இரண்டு வேறு பஞ்சங்களுக்கு ஒரே கட்டளை! ஆக்ஸிஜன் அற்ற சேற்றில் செம்பு சல்பைடாக இறுகிக் கைக்கு எட்டாமல் போகும். ஆகவே இயற்கையில் இவ்விரண்டு குறைகளும் சேர்ந்தே வந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

எல்லாவற்றிலும் கடுமையானது நைட்ரஜன் பஞ்சம். புரதம், பச்சையம், மரபுப்பொருள் ஆகிய எல்லாவற்றுக்கும் நைட்ரஜன் வேண்டும். அது நின்றதும் செல் பிரிவது நிற்கும். புரதம் கட்டும் ரைபோசோம்கள் பெருமளவு உடைக்கப்படும். பச்சையம் சிதைந்து, பச்சை நீர் மஞ்சளாக வெளுக்கும். பார்ப்பவர்களுக்குப் பாசி சாவதாகத் தோன்றும். அதே நேரத்தில் உள்ளே மாவுச்சத்து குவியும். அதன் பின் எண்ணெய்த் துளிகள் திரளும். கரியும் வெளிச்சமும் இருக்கின்றன, நைட்ரஜன் மட்டும் இல்லை. ஆகவே நைட்ரஜன் தேவைப்படாத பொருளாகச் சேர்த்து வைக்கிறது. பசுங்கணிகச் சவ்வுகளிலிருந்து கழன்ற கொழுப்பு அமிலங்களும் அந்தத் துளிகளில்தான் போய்ச் சேர்கின்றன. நைட்ரஜன் திரும்பக் கிடைத்தால் துளிகள் கரைந்து செல் மீண்டும் பச்சையாகும்.

பஞ்சம் நீண்டால் என்ன ஆகும்? அதற்கும் வழி வைத்திருக்கிறது. நைட்ரஜன் இல்லாத செல்கள் வெளிச்சத்தில் இனச்செல்களாக மாறும். எதிரெதிர் இனத்தவை கசையிழையோடு கசையிழை ஒட்டி இணைந்து ஒன்றாகும். இணைந்த செல் தடித்த சுவர் கட்டிக்கொண்டு உறங்கும். வறட்சி வந்தாலும் தாங்கும். எவ்வளவு பஞ்சமானாலும் விதைநெல்லில் கைவைக்காத உழவரைப் போல, தன் உறுப்புகளையே உடைத்துத் தின்னும் செல், மறுபடி முளைக்கத் தேவையானதை மட்டும் விட்டு வைக்கிறது. வெளிச்சமும் நைட்ரஜனும் திரும்பினால் உறை உடைந்து புதிய பாசிகள் நீந்தி வெளியேறும்.

பாஸ்பரஸுக்கும் இதே போன்ற தனி ஏற்பாடு இருக்கிறது. பசுங்கணிகத்தில் பல பிரதிகளாக இருக்கும் மரபுப்பொருளில் ஒரு பகுதியை உடைத்து அதிலிருந்தே பாஸ்பரஸை எடுத்துக்கொள்ளும். கடலில் வாழும் பல நுண்பாசிகள் சவ்வுகளில் பாஸ்பரஸ் கொழுப்புக்குப் பதிலாகக் கந்தகக் கொழுப்பை வைத்துச் சமாளிக்கின்றன. கந்தகப் பசியில் உடைபட்ட அதே வகைக் கொழுப்பு, பாஸ்பரஸ் பசியில் கைகொடுக்க வருகிறது.

நைட்ரஜன் பசியில் எண்ணெய் சேரும் என்பது தெரிந்ததும் அதைப் பிழிந்து டீசல் ஆக்கலாம் என்ற எண்ணம் வந்தது. அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை நீர்வாழ் இனங்கள் திட்டம் என்ற பெயரில் சுமார் 2.5 கோடி டாலர் செலவிட்டு இதை ஆராய்ந்தது. ஆயிரக்கணக்கான பாசி வகைகளைச் சேகரித்தார்கள். நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் 1,000 சதுர மீட்டர் குளங்கள் வெட்டி வளர்த்தார்கள். நல்ல நாளில் சதுர மீட்டருக்கு 50 கிராம்வரை பாசி கிடைத்தது. குளிர்ந்த இரவுகள் அந்த விளைச்சலைத் தொடர விடவில்லை. 1998-இல் வெளியான இறுதி அறிக்கை மறைக்காமல் ஒன்றைச் சொன்னது: பட்டினி போட்டால் செல்லில் எண்ணெயின் சதவீதம் ஏறுகிறது, ஆனால் வளர்ச்சி நின்றுவிடுவதால் மொத்த எண்ணெய் கூடுவதில்லை.

இதுவரை பார்த்ததை வைத்தே இதை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். எண்ணெய் சேர்வது வளர்ச்சி நின்றதன் விளைவு. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்பது, பஞ்சத்தையும் செழிப்பையும் ஒரே செல்லில் கேட்பதாகும். ஹைட்ரஜனிலும் இதே தடை. மெலிஸ் முறையில் கிடைத்தது ஒரு லிட்டர் பாசி நீருக்கு மணிக்குச் சில மில்லிலிட்டர் வாயு. விழுந்த ஒளியாற்றலில் ஒரு சதவீதம்கூட ஹைட்ரஜனாக மாறவில்லை. எக்ஸான்மொபில் நிறுவனம் 2009-இல் பெருந்தொகை அறிவித்துப் பாசி எரிபொருளில் இறங்கியது; 2023-இல் அது விலகிய செய்தி வெளிவந்தது.

இந்த முயற்சிகள் வீண் என்று சொல்ல மாட்டேன். எக்ஸான்மொபிலோடு இணைந்து உழைத்த சிந்தெடிக் ஜீனோமிக்ஸ் ஆய்வாளர்கள், நானோகுளோரோப்சிஸ் என்ற பாசியில் ஒரே ஒரு கட்டுப்பாட்டு மரபணுவின் செயல்பாட்டைக் குறைத்து, வளர்ச்சியை அதிகம் இழக்காமல் எண்ணெயை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியதை 2017-இல் வெளியிட்டார்கள். பட்டினி போடுவதை விட்டு, பட்டினிக் கட்டளையைப் படித்துத் திருத்தும் பாதை அது. சரியான பாதை என்றே நம்புகிறேன். விலை உயர்ந்த பொருள்களில் பாசியின் பஞ்சம் ஏற்கெனவே காசாகவும் ஆகிவிட்டது. ஹெமட்டோகாக்கஸ் பாசியைச் சத்தில்லாமல் கடும் வெளிச்சத்தில் வாட்டினால் சிவந்து அஸ்டாசாந்தின் என்ற நிறமியைச் சேர்க்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் லகூன் உப்பேரியில் டுனாலியெல்லா பாசியிலிருந்து பீட்டா கரோட்டின் எடுக்கிறார்கள். கிலோ கணக்கில் விற்கும் நிறமிக்குக் கட்டுப்படியாகும் முறை, டன் கணக்கில் வேண்டிய எரிபொருளுக்குக் கட்டுப்படியாகவில்லை.

பாசியிலிருந்து எரிபொருள் என்ற செய்தி இன்னும் பல முறை வரும். அதில் "உலர் எடையில் ஐம்பது சதவீதம் எண்ணெய்" என்று படித்தால் அத்துடன் நின்றுவிடாதீர்கள். அந்தப் பாசி அப்போது வளர்ந்துகொண்டிருந்ததா, பட்டினி கிடந்ததா என்று பாருங்கள். ஒரு சதுர மீட்டரில், ஒரு நாளில், ஆண்டு முழுவதும் சராசரியாக எத்தனை கிராம் எண்ணெய் கிடைத்தது என்று கேளுங்கள். அந்த எண்ணைச் சொல்லாத செய்தியை நம்பிப் பணம் போடாதீர்கள்.